பட்சி சொல்வதை எப்போது நம்பலாம்? உள்ளுணர்வைப் பழக்கிக்கொள்ள ஒரு வழி

பொள்ளாச்சிக்கு மேற்கே கேரள எல்லையில் இருக்கிற கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி, கேரளப் பக்கம் கொழிஞ்சாம்பாறை போகிற ரோட்டில் ஒரு கொப்பரைக் களத்தில் பதினோரு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். கணக்கு என்றால் நோட்டுப் புத்தகத்தோடு முடிகிற வேலை இல்லை. எந்தத் தோட்டத்துக் காயை வாங்குவது, யாருக்குக் கடனில் விடுவது, இன்றைக்குத் தேங்காய்ப் பருப்பைக் காயப் போடலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து முடிவு எடுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும், அதில் பாதிக்கு உட்கார்ந்து யோசிக்க நேரமே கிடைக்காது. அந்தப் பாதியை நமக்குள் எதுவோ முடிவு செய்துவிடுகிறது. படித்தவர்கள் உள்ளுணர்வு என்கிறார்கள். எங்கள் பக்கம் 'பட்சி சொல்லுது' என்போம், 'மனசு ஒப்பல' என்போம், 'என்னமோ நெருடுது' என்போம்.

என் மனசு சொல்வதை நம்பலாமா, அதை வளர்க்க முடியுமா என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம்பலாமா என்பது எந்த விஷயத்தில் என்பதைப் பொறுத்தது. வளர்க்கக் கண்டிப்பாக முடியும், ஒரு பேனாவும் கொஞ்சம் தாளும் மூன்று மாசப் பொறுமையும் வேண்டும்.

முதலில் நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். களத்தில் சேர்ந்த புதிதில் எங்கள் மேஸ்திரி மட்டை உரித்த காயைக் கையில் எடுத்த வேகத்திலேயே நல்லது இந்தப் பக்கம், கழிவு அந்தப் பக்கம் என்று வீசிக்கொண்டிருப்பார். ஒரு காய்க்கு ஒரு நொடிகூட ஆகாது. "எப்படிங்ணா தெரியுது?" என்று கேட்டால், "எனக்கெங்க அம்மிணி தெரியுது, கைக்குத் தெரியுது" என்பார். அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார், தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் இருபது காயை என் முன்னால் உருட்டிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து நல்லதா கெட்டதா என்று நான் சொன்னதும் அடுத்த நொடியே அரிவாளால் ரெண்டாகப் பிளந்து காட்டுவார். சரி என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார், பிளந்ததைக் காட்டுவார், அவ்வளவுதான்.

முதல் வாரம் குத்துமதிப்பாகத்தான் சொன்னேன். அப்புறம் மெதுவாகக் காதுக்கு ஒன்று பிடிபட ஆரம்பித்தது. முற்றிய காயைக் காதோரம் வைத்து ஆட்டினால் தண்ணீர் சளசளவென்று அலையும், இன்னொரு காயோடு தட்டினால் கணீரென்று கேட்கும். பிஞ்சாக இருந்தால் உள்ளே தண்ணீர் முட்ட முட்ட இருப்பதால் ஆட்டினாலும் அலையாது, தட்டினால் மொத்தென்று அமுங்கும். பார்வைக்கு நன்றாக முற்றிய காய், ஆனால் ஆட்டினால் சத்தமே இல்லை என்றால் எங்கேயோ கீறல் விட்டுத் தண்ணீர் போயிருக்கும், இல்லாவிட்டால் உள்ளேயே வற்றியிருக்கும். இதையெல்லாம் இப்போது வரிசையாக எழுதுகிறேனே தவிர, அன்றைக்கு இப்படி வார்த்தையாகத் தெரியாது. காயை எடுத்ததும் கை தானாக இடதுபக்கம் போகும், ஏன் போனது என்று பிறகுதான் யோசிப்பேன்.

உள்ளுணர்வு என்று நாம் பெரிதாக நினைப்பது பெரும்பாலும் இவ்வளவுதான் என்பது என் திடமான நம்பிக்கை. 1978-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு வாங்கிய ஹெர்பர்ட் சைமன் இதையே சொன்னார், முன்பு பார்த்த ஒன்றை மனசு அடையாளம் கண்டுகொள்வதற்குத்தான் உள்ளுணர்வு என்று பெயர் என்று. அவரும் வில்லியம் சேஸ் என்பவரும் 1973-ல் சதுரங்க ஆட்டக்காரர்களை வைத்துப் பார்த்தார்கள். நிஜ ஆட்டத்தின் நடுவில் காய்கள் நிற்கும் நிலையைச் சில நொடி காட்டி மறைத்தால், தேர்ந்த ஆட்டக்காரர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அதே இடத்தில் வைத்துவிடுவார், புதியவரால் முடியாது. அதே காய்களைக் கண்டபடி கலைத்து வைத்துக் காட்டினால் ரெண்டு பேரும் ஏறக்குறைய ஒன்றுதான். தேர்ந்தவருக்கு ஞாபக சக்தி கூடுதல் என்றில்லை, ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் கண்ணில் தங்கியிருக்கின்றன. எங்கள் மேஸ்திரியை அழைத்துப் போய் மீன் மார்க்கெட்டில் நிறுத்தினால் அவரும் நம்மைப்போலத்தான் முழிப்பார்.

முதல் வேலை: எதில் நம்பலாம் என்று பிரிப்பது

டேனியல் கானெமன், கேரி க்ளைன் என்று ரெண்டு உளவியலாளர்கள். ஒருவர் மனிதர்களின் அவசர முடிவுகள் எங்கெல்லாம் தப்பாகின்றன என்று வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர், இன்னொருவர் தீயணைப்பு வீரர்கள் மாதிரி ஆட்களின் அவசர முடிவுகள் எப்படிச் சரியாகின்றன என்று ஆராய்ந்தவர். எதிரெதிர்க் கட்சி. பல வருஷம் பேசி 2009-ல் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள், அதில் ஒத்துப்போன விஷயம் நமக்கு ரொம்ப உபயோகமானது. ஒரு விஷயத்தில் உள்ளுணர்வு வளர வேண்டும் என்றால் ரெண்டு வேண்டும். அந்த விஷயத்துக்குள் ஒரு ஒழுங்கு இருக்க வேண்டும், அதாவது இந்த அறிகுறி வந்தால் பெரும்பாலும் இது நடக்கும் என்று இருக்க வேண்டும். அப்புறம் அந்த ஒழுங்கைக் கற்றுக்கொள்ள நமக்குப் போதுமான தடவை வாய்ப்புக் கிடைத்து, நாம் சொன்னது சரியா தப்பா என்று சீக்கிரம் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்றும் சொன்னார்கள்: மனசு எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது என்பதை வைத்து அது சரியா என்று முடிவு கட்ட முடியாது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் அன்றாட விஷயங்களை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தோசை மாவு புளித்துவிட்டதா? ஒழுங்கு உண்டு, தினமும் பார்க்கிறீர்கள், மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும். நம்பலாம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று முகத்தைப் பார்த்ததும் அம்மாவுக்குத் தெரிகிறதே, அதுவும் அப்படித்தான், ஆயிரம் நாள் பார்த்த முகம்.

இப்போது லாட்டரியைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்ததிலிருந்து பொள்ளாச்சி, கோவைப் பக்கத்து ஆட்கள் எல்லை தாண்டி வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று வந்துதான் கேரள டிக்கெட் வாங்குகிறார்கள். எங்கள் களத்து லோடுமேன் அண்ணா ஒருவர் டிக்கெட் கட்டை விரித்துக் காட்டச் சொல்லி, கண்ணை மூடி விரலை ஓட்டி, "இது தாங்க, உள்ள சொல்லுது" என்று ஒன்றை உருவுவார். 2023-ல் 25 கோடி ரூபாய் ஓணம் பம்பர் வாளையாறில் தமிழ்நாட்டுக்காரர்கள் வாங்கிய டிக்கெட்டுக்கு விழுந்தது, அதிலிருந்து அவருக்கு அந்த 'உள்ள சொல்லுது' இன்னும் பலமாகிவிட்டது. எனக்கு அவர்மேல் ரொம்பப் பிரியம், அதனால் வருத்தத்தோடுதான் சொல்கிறேன், குலுக்கலில் ஒழுங்கே கிடையாது, அதனால் இருபது வருஷம் வாங்கினாலும் விரலுக்குக் கற்றுக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. விழுந்த ஒரு டிக்கெட் பேப்பரில் வருகிறது, விழாத லட்சக்கணக்கானவை குப்பைக்குப் போகின்றன. கண்ணில் பட்டதை வைத்து மனசு கணக்குப் போடுகிறது.

ரெண்டுக்கும் நடுவில் நிற்கிற விஷயங்களில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி விரலைப் பிடித்து விலை பேசுகிற தரகர்களைப் பாருங்கள். மாட்டின் நடை, மடி, பல், கண்ணின் ஈரம் இதையெல்லாம் பார்த்து அவர்கள் சொல்வது பெரும்பாலும் தப்பாது, வாரம் தவறாமல் பார்த்த பழக்கம். அதே ஆள் 'இந்தச் சுழி இருக்கிற மாடு குடும்பத்துக்கு ஆகாது' என்று சொல்வதும் அதே உறுதியோடுதான் வரும். ஆனால் அதை அவர் மாட்டிடம் கற்கவில்லை, அப்பாவிடம் கேட்டது. கேட்டு வந்த நம்பிக்கையும் பார்த்து வந்த பழக்கமும் மனசுக்குள் ஒரே குரலில்தான் பேசும். எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்கத் தெரிந்துகொள்வதுதான் முதல் படி, இதற்கே ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது: உடம்பு எப்படிச் சொல்கிறது என்று கவனிப்பது

1997-ல் அமெரிக்காவின் அயோவாவில் மூளை நரம்பியல் ஆய்வாளர் அன்டோனியோ டமாசியோவின் குழு ஒரு சீட்டு விளையாட்டு வைத்தது. நாலு கட்டுச் சீட்டு, ரெண்டு கட்டு பெரிதாகக் கொடுத்து அதைவிடப் பெரிதாகப் பிடுங்கும், மற்ற ரெண்டும் கொஞ்சமாகக் கொடுத்தாலும் கடைசியில் லாபம். விளையாடுகிறவர்களின் உள்ளங்கை வேர்வையை அளந்தார்கள். பத்துச் சீட்டு எடுத்த அளவிலேயே கெட்ட கட்டின்மேல் கை போகும்போது வேர்த்தது, என்னமோ சரியில்லை என்று அவர்கள் வாயால் சொல்ல ஐம்பது சீட்டு வரை ஆனது. பிறகு 2004-ல் வேறு ஆய்வாளர்கள், சரியாகக் கேட்டால் விளையாடுகிறவர்களுக்கு அவ்வளவு முன்னாலேயே கொஞ்சம் தெரிந்துதான் இருக்கிறது என்று காட்டினார்கள், அதனால் உடம்புக்கு ஏதோ அற்புத சக்தி இருப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்கு வேண்டியது இவ்வளவுதான், யோசனை வார்த்தையாக வருவதற்கு முன்னாலேயே உடம்பில் ஏதோ நடக்கிறது, கவனித்தால் பிடிக்கலாம்.

எனக்கு அது வயிற்றுக்கு மேலே, நெஞ்சுக்குழியில் ஒரு சின்ன இறுக்கமாக வரும், பேசிக்கொண்டிருக்கும்போதே பேனா மூடியைத் திருகிக்கொண்டிருப்பேன். என் அக்காவுக்குக் காது சூடாகும். உங்களுக்கு எங்கே என்று எனக்குத் தெரியாது, ஒரு வாரம் பார்த்தால் உங்களுக்கே பிடிபடும். சின்ன விஷயங்களில் பாருங்கள், கடைக்காரர் மீதிச் சில்லறை எண்ணும்போது, தெரியாத நம்பரிலிருந்து போன் வரும்போது, யாராவது 'ஒரு சின்ன உதவி' என்று ஆரம்பிக்கும்போது.

பயத்திலிருந்து இதைப் பிரிப்பதில்தான் புதியவர்கள் ரொம்பத் தடுமாறுவார்கள். நான் கண்ட வித்தியாசம் இது. நெருடல் சின்னதாக, குறிப்பான ஒன்றைப் பார்த்து வரும், வந்து அப்படியே நிற்கும், நீங்கள் காபி குடித்துவிட்டு வந்தாலும் அதே அளவில் இருக்கும். பயம் பேசிக்கொண்டே போகும், அப்படி ஆயிட்டா, இப்படி ஆயிட்டா என்று நாளைக்கும் அடுத்த வருஷத்துக்கும் தாவும், இரவில் பெரிதாகிப் பகலில் சின்னதாகும். ஆசை இன்னும் கெட்டது, அது அவசரப்படுத்தும், இப்பவே விட்டா போச்சு என்னும். அதனால் பசியோடோ, தூக்கம் கெட்டோ, யார்மேலாவது கோபத்தோடோ இருக்கும்போது மனசு சொல்வதை நான் கணக்கில் எடுப்பதில்லை, சாப்பிட்டுவிட்டுத் திரும்பக் கேட்பேன்.

இன்னொரு வழி எங்கள் ஊர்க் கோயிலிலேயே இருக்கிறது. பூ வாக்குக் கேட்பது தெரியும்தானே, வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்துச் சாமி முன்னால் போட்டு ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். என் தங்கச்சிக்கு ரெண்டு வேலை ஒரே சமயத்தில் வந்தபோது கேட்டோம், ஒன்று பாலக்காட்டில், ஒன்று திருப்பூரில். குழந்தை பொட்டலத்தை எடுத்துப் பிரிக்கப் போன அந்த ஒரு நொடி தங்கச்சியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், 'சாமி, வெள்ளையா இருக்கட்டும்' என்று உதடு முணுமுணுத்தது. வெள்ளை பாலக்காட்டுக்கு. சாமி என்ன சொன்னது என்பது அவளுக்கும் சாமிக்கும் உள்ள விஷயம், ஆனால் அவள் மனசு எந்தப் பக்கம் என்பது பொட்டலம் பிரிவதற்கு முன்னாலேயே தெரிந்துவிட்டது. ரெண்டும் சமமாகத் தோன்றுகிற முடிவுகளில் பூ போடுங்கள், காசு சுண்டுங்கள், சீட்டுக் குலுக்குங்கள், விடை தெரிவதற்கு முந்தின நொடியில் உங்களையே கவனியுங்கள்.

சீட்டு எழுதுவது

மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள், உள்ளுணர்வு நிஜமாகவே கூர்மையாவது இதில்தான்.

தினசரிக் காலண்டரில் கிழித்த தாளை எடுத்துக்கொள்ளுங்கள், தேதி அச்சடித்தே இருக்கும், பின்பக்கம் காலி. அதில் தினமும் ஒரே ஒரு விஷயம், சாயங்காலத்துக்குள் விடை தெரிகிற விஷயமாகப் பார்த்து எழுதுங்கள். நடக்குமா நடக்காதா, மனசு பத்துக்கு எத்தனை சொல்கிறது, ஏன் என்று நாலு வார்த்தை. இரவு விடையை எழுதி டப்பாவில் போடுங்கள்.

நான் எடுத்துக்கொண்டது மழை. களத்தில் பருப்புக் காய ஏறக்குறைய ஒரு வாரம் வெயில் வேண்டும். நடுவில் நனைந்தால் பூஞ்சணம் பிடித்துக் கறுத்துவிடும், விலை போகாது. மழை வரும் என்று பயந்து தினமும் தார்ப்பாய் போட்டு மூடினால் காய்வது தள்ளிப்போகும், ஆள்கூலியும் வீண். எங்கள் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதிப் பக்கம் கேரளாவிலேயே மழை குறைவான இடங்களில் ஒன்று, பக்கத்து ஊரில் கொட்டும்போது இங்கே வெறும் காற்று அடித்துக்கொண்டிருக்கும், அதனால் போனில் பார்க்கிற வானிலையும் பாலக்காட்டுக்குச் சொல்வதும் எங்களுக்கு அப்படியே பொருந்தாது. மேஸ்திரி காலை பத்து மணிக்குக் களத்து நடுவில் நின்று தெற்கே மலையைப் பார்ப்பார், மூக்கை ஒருதரம் உறிஞ்சுவார், "போடலாம்" என்பார், இல்லை "வேண்டாம்" என்பார். நான் என் சீட்டில் நம்பர் போட்டுக்கொள்வேன்.

முதல் மாசத்துச் சீட்டுகளை எண்ணிப் பார்த்தபோது எனக்கு நிஜமாகவே அதிர்ச்சிதான். மழை வரும், பத்துக்கு எட்டு என்று நான் போட்ட நாட்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் அதில் பாதி நாள்கூட மழை இல்லை. எட்டு என்று எழுதினால் பத்து நாளில் ஏறக்குறைய எட்டு நாள் பெய்திருக்க வேண்டும், வானிலைக்காரர்கள் சதவீதம் சொல்வதும் இந்தக் கணக்கில்தான். என் எட்டு உண்மையில் நாலு. ஏன் என்று சீட்டுகளைப் பரப்பி வைத்துப் பார்த்ததில், முந்தின நாள் நனைந்திருந்தால் மறுநாள் நம்பரைக் கூட்டிப் போட்டிருக்கிறேன். அது மழையைப் பார்த்து வந்த எண் இல்லை, நேற்றைய நஷ்டத்தைப் பார்த்து வந்த எண்.

அப்புறம் 'ஏன்' என்று எழுதிய நாலு வார்த்தையைப் படித்தேன். 'கறுப்பு மேகம்' என்று எழுதிய நாளெல்லாம் தப்பாகியிருந்தது. 'காத்து நின்னுபோச்சு, மலை கிட்டத்தில் தெரியுது' என்று எழுதிய நாட்கள் நிறையச் சரியாக இருந்தன. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் விடாமல் அடிக்கும், அது பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தால் மேகத்தையும் அடித்துக்கொண்டு கிழக்கே போய்விடும். ஐப்பசியில் வருகிற சாயங்கால இடிமழை வேறு ரகம், காலையில் புழுங்க வேண்டும், காற்று நிற்க வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, என் கையெழுத்தே சொன்னது. மூன்றாவது மாசத்தில் என் எட்டு கிட்டத்தட்ட ஏழு ஆகியிருந்தது, பத்துமணிக்கு மேஸ்திரி என்னைப் பார்த்து "நீ என்ன சொல்ற அம்மிணி?" என்று கேட்க ஆரம்பித்தார்.

உங்களிடம் களம் இல்லாவிட்டால் பரவாயில்லை. ஆறு மணி பஸ் நேரத்துக்கு வருமா, இன்றைக்குக் கடையில் எத்தனை லிட்டர் பால் மிஞ்சும், மேலதிகாரி இதற்குச் சரி என்பாரா, பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்து நாளைக்குள் பழுக்குமா என்று எதையாவது எடுத்துக்கொள்ளுங்கள். எண் போடாமல் வெறும் 'வரும்', 'வராது' என்று எழுதாதீர்கள், இரவில் மனசு சமாதானம் சொல்லித் தப்பித்துக்கொள்ளும். அதே மாதிரி எழுத மறந்த நாளை ஞாபகத்திலிருந்து நிரப்பவும் வேண்டாம், விட்டுவிடுங்கள்.

நெருடல் வந்துவிட்டது, இப்போது என்ன செய்வது

க்ளைன் கேட்டு எழுதிய ஒரு தீயணைப்பு அதிகாரியின் அனுபவம் இருக்கிறது. ஒரு வீட்டின் பின்கட்டில் சமையலறையில் தீ, ஆட்களோடு உள்ளே போய்த் தண்ணீர் அடிக்கிறார், தீ அடங்கவில்லை. சாதாரணச் சமையலறைத் தீக்கு இருக்க வேண்டியதைவிட அறை அதிகம் சுடுகிறது, ஆனால் சத்தம் குறைவாக இருக்கிறது. காரணம் சொல்லத் தெரியாமலே எல்லோரையும் வெளியே வரச் சொல்கிறார், வந்த சிறிது நேரத்தில் அவர்கள் நின்ற தரை இடிந்து விழுகிறது. தீ கீழே நிலவறையில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அவர் அதை ஏதோ அமானுஷ்ய சக்தி என்றே நம்பினார். உட்கார வைத்துக் கேட்கக் கேட்கத்தான் சூடு, சத்தம், அடங்காத தீ மூன்றும் அவர் பழகிய எந்தத் தீயோடும் பொருந்தவில்லை என்பது வெளியே வந்தது.

எங்களுக்கு வந்த நஷ்டத்தையும் சொல்கிறேன். பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் காய் பார்க்கப் போனோம், மேஸ்திரி ஊரில் இல்லை, நான்தான் பார்த்தேன். விலை வழக்கத்தைவிடக் கம்மி. குவியலைப் பார்த்ததும் நெஞ்சுக்குழியில் அந்த இறுக்கம் வந்தது, மேலே எடுத்துத் தட்டிய ஏழெட்டுக் காயும் கணீரென்று இருந்ததால் அதைத் தள்ளிவிட்டு முன்பணம் கொடுத்துவிட்டேன். லோடு இறக்கிப் பார்த்தால் அடியில் பெரும்பகுதி பிஞ்சு. அன்று இரவு சீட்டில் எழுதும்போதுதான் என்ன பார்த்தேன் என்பது தெரிந்தது: மேல்வரிசைக் காயெல்லாம் ஒரே அளவு. மரத்திலிருந்து இறக்கிக் கொட்டிய குவியல் அப்படி இருக்காது, பெரிதும் சிறிதும் கலந்துதான் கிடக்கும். யாரோ உட்கார்ந்து அடுக்கியிருக்கிறார்கள். கண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது, நான் நின்று கேட்கவில்லை.

அதனால் இப்போது நெருடல் வந்தால் அதற்கு அடிபணிவதும் இல்லை, ஒதுக்குவதும் இல்லை, நின்று 'எதைப் பார்த்து?' என்று ஒரு கேள்வி கேட்கிறேன். கண்ணில் பட்டது எது, காதில் விழுந்தது எது, வழக்கமாக இருக்க வேண்டியது எது இல்லை. பெரும்பாலும் ரெண்டு நிமிஷத்தில் விடை வந்துவிடும். வராவிட்டால் க்ளைனே 2007-ல் எழுதிய இன்னொரு முறை உண்டு. இந்தக் காரியம் ஆறு மாசம் கழித்துப் படுதோல்வி ஆகிவிட்டது என்று நடந்து முடிந்ததாகவே வைத்துக்கொண்டு, எதனால் கெட்டது என்று காரணங்களை எழுதுவது. கெட்டுப்போகுமா என்று கேட்டால் மனசு 'போகாது' என்று சொல்லிவிடும், கெட்டுப்போச்சு, ஏன் என்று கேட்டால் ஒளித்து வைத்ததையெல்லாம் கொட்டும். வீட்டில் நாலு பேர் சேர்ந்து எடுக்கிற முடிவுக்கு, வண்டி வாங்குவது, கடன் வாங்குவது மாதிரி, இது ரொம்பக் கைகொடுக்கும், ஏனென்றால் வாயே திறக்காத மருமகள்கூட அன்றைக்கு ஒரு காரணம் எழுதிவிடுவாள்.

'வேண்டாம்' என்று சொல்கிற மனசையும் 'வாங்கு' என்று சொல்கிற மனசையும் நான் ஒரே தராசில் வைப்பதில்லை. 'வேண்டாம்' என்பதைக் கேட்டு நிறுத்தினால் பெரும்பாலும் ஒரு வாய்ப்புத்தான் போகும், அதற்குக் காரணம்கூடக் கேட்காமல் நிறுத்தலாம். 'வாங்கு' என்பதைக் கேட்டு இறங்கினால் பணம் போகும், அதற்குக் காகிதம் வேண்டும். போலீஸ் பேசுகிறேன், உங்கள் பெயரில் பார்சல் பிடிபட்டிருக்கிறது, போனை வைக்காதே என்று மிரட்டுகிறார்களே, அவர்கள் முதலில் பறிப்பது இந்த 'வேண்டாம்' வருவதற்கான நேரத்தைத்தான். போனை வையுங்கள், பணம் போய்விட்டிருந்தால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

மனிதர்களைப் பார்த்து வருகிற நெருடல்

இதில் ரொம்ப எச்சரிக்கை வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் எடை போட ஆள் தேடியபோது ஒரு பையன் வந்தான், கண்ணைப் பார்த்துப் பேசவில்லை, பாதி மலையாளம் பாதித் தமிழில் முனகினான், எனக்கு மனசு ஒப்பவில்லை, அனுப்பிவிட்டேன். அடுத்த களத்தில் சேர்ந்தான். இன்றைக்கு இந்த ரோட்டில் அவன் போட்ட எடையை யாரும் திரும்பப் போட்டுப் பார்ப்பதில்லை. 'எதைப் பார்த்து?' என்று அன்றைக்கே கேட்டிருந்தால் தெரிந்திருக்கும், அவன் எதுவும் செய்யவில்லை, அவன் பேச்சு எனக்கு முன்பு கணக்கில் ஏமாற்றிய ஒருவரை ஞாபகப்படுத்தியது, அவ்வளவுதான். நான் அனுப்பிவிட்டதால் தப்பு என்று தெரிந்துகொள்ள வழியும் இருந்திருக்காது, பக்கத்துக் களத்தில் சேர்ந்ததால் தெரிந்தது.

ஆளின் செயலைப் பார்த்து வந்த நெருடலை நம்புங்கள், சொன்னதை மாற்றிச் சொல்வது, கேட்ட கேள்விக்குப் பதில் தராமல் வேறு பேசுவது, அவசரப்படுத்துவது. ஆளின் நிறம், சாதி, உடுப்பு, ஊர், பேச்சு வாடை இவற்றைப் பார்த்து வந்திருந்தால் அது பட்சி இல்லை, பழைய பாகுபாடு. அதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு வாரம் வேலை கொடுத்துப் பாருங்கள், கண்ணால் கண்டதை எழுதுங்கள்.

சில விஷயங்களில் மனசைக் கேட்கவே கேட்காதீர்கள். நிலம் வாங்கும்போது, இந்தக் கேரளப் பக்கமானால் ஆதாரம் (கிரயப் பத்திரம்), போக்குவரவு (பெயர் மாற்றம்), கரம் (நிலவரி) கட்டிய ரசீது, தமிழ்நாட்டுப் பக்கமானால் பட்டா, வில்லங்கம், எல்லாவற்றையும் விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், விற்கிறவர் சொந்த மாமனாகவே இருந்தாலும். நெஞ்சு வலிக்கும்போது 'ஒண்ணுமில்ல, வாயு' என்று மனசு சொல்லும், ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆரம்பிக்கிறவர்கள் முதல் மாசம் மழை, பஸ், மாவு மாதிரி ஒரே விஷயத்தில் நில்லுங்கள், மாற்றிக்கொண்டே இருந்தால் எதிலும் பழக்கம் ஏறாது. மாசக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டப்பாவைக் கொட்டி, எட்டுக்கு மேல் போட்டதையெல்லாம் ஒரு பக்கம் அடுக்கி எண்ணுங்கள், அப்புறம் தப்பானவற்றின் 'ஏன்' மட்டும் வரிசையாகப் படியுங்கள். ரெண்டாவது மாசத்தில் வேண்டுமானால் இன்னொரு விஷயம் சேர்த்துக்கொள்ளலாம். நான் மழையோடு சேர்த்து இப்போது, கடனில் விட்ட காசு சொன்ன தேதிக்கு வருமா என்று ஒரு சீட்டு எழுதுகிறேன், அதற்கு விடை வர ஒரு மாசம் ஆகிறது என்பதால் தனி டப்பா.

இன்றைக்குக் காலையில் மழைக்கு மூன்று போட்டிருக்கிறேன், காற்று நிற்காமல் அடிக்கிறது. மேஸ்திரி மூக்கை உறிஞ்சிவிட்டுத் தார்ப்பாயை எடுத்துவரச் சொன்னார். மணி நாலரை ஆகிறது, பருப்பு இன்னும் வெயிலில்தான் கிடக்கிறது, தார்ப்பாய் ஓரமாக மடித்து வைத்திருக்கிறது.